வலது ஓரத்தில் நிற்கும் துறவி: பியெரோவின் பீடப்படம் பிரிந்ததும் சேர்ந்ததும்

மிலான் நகரத்தின் போல்தி பெட்ஸோலி அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பலகை ஓவியம்தான் இந்த ஆய்வுக்குப் பொருள். உயரம் ஏறக்குறைய 136 செ.மீ., அகலம் 59 செ.மீ. கறுப்பு அங்கி போட்ட, உடல் கனத்த, நடுவயதைத் தாண்டிய ஒரு துறவி அதில் நிற்கிறார். உச்சந்தலையை மழித்துச் சுற்றிலும் வளையமாக முடி விட்டிருக்கிறார். இடுப்பில் தோல் வார். ஒரு கையில் புத்தகம். மற்றொரு கை பேச்சின் நடுவில் எழுந்த கைபோல உயர்ந்திருக்கிறது. அவருக்குப் பின்னால் பளிங்குச் சுவர், சுவருக்கு மேலே நீல வானம், வானத்தில் ஒரு நட்சத்திரம். வரைந்தவர் பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் பியெரோ தெல்லா பிரான்செஸ்கா. வரையப்பட்டவர் தொலெந்தினோ ஊர்ப் புனித நிக்கோலாஸ்.

தனியாகப் பார்த்தாலும் இது முதல் தரமான ஓவியம். ஆனால் தனியாகப் பார்ப்பதற்காகப் பியெரோ இதை வரையவில்லை. கோயில் பீடத்துக்கு மேலே நிறுத்தும், பல பலகைகள் சேர்ந்த ஒரு பெரிய பீடப்படத்தின் வலது ஓரம் இது. அந்தப் பீடப்படம் இன்று எங்கேயும் முழுசாக இல்லை. எஞ்சிய துண்டுகள் மிலான், லண்டன், லிஸ்பன், நியூயார்க், வாஷிங்டன் என்று ஐந்து ஊர்களில் இருக்கின்றன. நடுப்பலகையைக் காணோம்.

இந்தப் பலகைக்கு அர்த்தம் கொடுப்பது அது நின்ற இடம்தான் என்பது என் முடிவு. நிக்கோலாஸ் ஏன் வலது ஓரத்தில் நிற்கிறார், எதிர் ஓரத்தில் யார் நிற்கிறார், அந்தப் படத்துக்கு யார் எதற்காகப் பணம் கொடுத்தார் என்று தெரிந்த பிறகு, அதே முகத்தைத் திரும்பப் பார்த்தால் வேறு மனிதர் தெரிகிறார்.

ஒப்பந்தம்

பியெரோ பிறந்தது, இறந்தது, வாழ்நாள் முழுக்கத் திரும்பித் திரும்பி வந்தது எல்லாம் சான்செபோல்க்ரோ என்ற சிறிய ஊருக்குத்தான். தோஸ்கானாவின் கிழக்குக் கோடியில், தைபர் ஆற்றின் மேல்பகுதிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அந்த ஊரில் அகுஸ்தீனார் சபைத் துறவிகளுக்கு ஒரு கோயில் இருந்தது. அதன் தலைமைப் பீடத்துக்குப் படம் வரைய 1454 அக்டோபர் 4 அன்று பியெரோவோடு ஒப்பந்தம் எழுதினார்கள். பணம் கொடுக்க முன்வந்தவர் ஆஞ்செலோ தி ஜோவான்னி தி சிமோனே என்ற உள்ளூர்க்காரர். இறந்துபோன தன் தம்பி சிமோனேயும் சிமோனேயின் மனைவி ஜோவான்னாவும் விரும்பியதை நிறைவேற்றத்தான் இந்தச் செலவு. கொடுப்பவர்களுக்கும் அவர்கள் முன்னோருக்கும் ஆன்ம நன்மை கிடைக்க வேண்டும் என்பது நோக்கம்.

கூலி 320 ஃப்ளோரின், அந்தக் காலத் தங்க நாணயம். இதே ஊரில் 1445-இல் இரக்கத்தின் அன்னை படத்துக்காகப் பியெரோவுக்கு ஒரு பக்த சபை பேசிய தொகை 150 ஃப்ளோரின். அதற்கு முன்னால் சியெனாவிலிருந்து சாசேத்தாவை அழைத்து வந்த பிரான்சிஸ்கன் துறவிகள் இரண்டு பக்கமும் ஓவியம் தீட்டிய தங்கள் பெரிய பீடப்படத்துக்குக் கொடுத்தது 510 ஃப்ளோரின். ஒரே ஊர், ஒரு தலைமுறைக்குள் மூன்று பெரிய படங்கள். பிரான்சிஸ்கன் கோயிலில் 1444-இல் அப்படி ஒரு படம் வந்து நின்ற பிறகு அகுஸ்தீனார் சபைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்க முடியாது. சின்ன ஊர்களில் கோயிலுக்குக் கோயில் இருக்கும் இந்தப் போட்டியைக் கலை வரலாற்றில் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதனால்தான் நல்ல ஓவியர்களுக்கு வேலை கிடைத்தது.

வேலையை எட்டு வருஷத்தில் முடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கடைசித் தவணைப் பணம் கைமாறியது 1469 நவம்பர் 14 அன்று. அதாவது பதினைந்து வருஷம். நடுவில் பியெரோ அரெட்ஸோவில் உண்மைச் சிலுவையின் கதையைச் சுவரோவியங்களாகத் தீட்டினார். ரோமில் இரண்டாம் பயஸ் திருத்தந்தைக்காக வேலை செய்தார். மூன்று வருஷத்தில் முடிப்பதாகச் சொன்ன இரக்கத்தின் அன்னை படமும் ஒன்றரைப் பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. மெதுவாக வேலை செய்பவர் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். தெரிந்தும் அவரிடமே கொடுத்தார்கள்.

இன்னொரு சங்கதி முக்கியம். பலகைகளும் அவற்றைத் தாங்கும் மரச் சட்டகமும் இந்தப் படத்துக்கென்று புதிதாகச் செய்தவை அல்ல. அதே ஊர்ப் பிரான்சிஸ்கன் கோயிலுக்காக முன்பே தச்சர் செய்து, பிறகு அங்கே வேண்டாம் என்று ஆகிவிட்ட வேலைப்பாடு அது. ஆக, தனித்தனிக் கட்டங்களாகப் பிரிந்த பழைய பாணிச் சட்டகம் பியெரோவின் கையில் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு புனிதர், பின்னால் தங்கத் தகடு என்பதுதான் அந்தச் சட்டகம் கேட்ட ஓவியம். சாசேத்தா தன் படத்தில் தங்கத்தைத்தான் வைத்தார்.

பியெரோ தங்கத்தை எடுத்துவிட்டு வானத்தை வைத்தார். நான்கு பெரிய புனிதர்களுக்கும் பின்னால் ஒரே பளிங்குச் சுவர் ஓடுகிறது. சுவரின் உயரம் மாறவில்லை, மேல்விளிம்பின் கோடு மாறவில்லை, வானமும் ஒன்றே. பீடத்துக்கு முன்னால் நிற்பவருக்கு, சட்டத்தின் தூண்களுக்கு அப்பால் ஒரே முற்றத்தில் இவர்கள் எல்லோரும் சேர்ந்து நிற்பதாகத் தோன்றும். பிற்காலத்தில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தைக் கணக்கில் பிடிப்பது எப்படி என்று தனி நூலே எழுதியவர் பியெரோ. பழைய மரத்துக்குள் புதிய இடத்தைத் திறந்தது அவருடைய கணிதமா, பிடிவாதமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்த ஓவியத்தில் என்னை மிகவும் ஈர்க்கும் முடிவு அந்தச் சுவர்தான். பின்னால் பலகைகளைப் பிரித்தபோது அறுபட்டதும் அதுதான்.

யார் இந்த நிக்கோலாஸ்

நிக்கோலாஸ் 1245-இல் இத்தாலியின் மார்க்கே பகுதியில் சான்ட் ஆஞ்செலோ இன் பொந்தானோ என்ற ஊரில் பிறந்தார். நீண்ட காலம் குழந்தையில்லாத பெற்றோர் பாரி நகரில் இருக்கும் பழைய புனித நிக்கோலாஸின் கல்லறைக்கு வேண்டுதல் வைத்துப் போய், பிறந்த பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்தார்கள் என்பது வரலாறு சொல்லும் கதை. அகுஸ்தீனார் சபையில் சேர்ந்து குருவானார். 1275 வாக்கில் தொலெந்தினோவுக்கு வந்தவர் 1305 செப்டம்பர் 10 அன்று இறக்கும்வரை அங்கேயே இருந்தார். மறையுரை சொல்வது, பாவசங்கீர்த்தனம் கேட்பது, நோயாளிகளைப் பார்க்கப் போவது, உபவாசம் இருப்பது. அவ்வளவுதான் அவர் வாழ்க்கை. பெரிய பதவி எதிலும் இருக்கவில்லை.

இறைச்சி தொடாதவர். உடம்பு சரியில்லாத ஒரு சமயம் மேலாளர் கட்டாயப்படுத்திச் சமைத்த பறவையைத் தட்டில் வைத்தார்களாம். இவர் சிலுவை அடையாளம் போட்டதும் அது உயிர்பெற்றுப் பறந்துவிட்டதாம். இன்னொரு சமயம் மரியன்னை கனவில் வந்து, தண்ணீரில் நனைத்த ரொட்டியைச் சாப்பிடச் சொல்ல, சாப்பிட்டுக் குணமானார். அவர் திருநாளில் ரொட்டியை மந்திரித்துக் கொடுக்கும் வழக்கம் அகுஸ்தீனார் கோயில்களில் இன்றும் உண்டு. வாழ்வின் இறுதிக் காலத்தில் ஒரு நட்சத்திரம் அவர் பிறந்த ஊரிலிருந்து நகர்ந்து, தொலெந்தினோவில் அவர் ஜெபிக்கும் இடத்துக்கு மேலே வந்து நின்றது என்கிறார்கள். அவரைப் புதைத்ததும் அங்கேதான். ஓவியத்தில் இருக்கும் நட்சத்திரம் அது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு செய்தி நம் ஆய்வுக்கு நேரடியாகத் தேவை. உத்தரிக்கும் ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு, அதாவது மோட்சம் போகுமுன் பாவம் தீரக் காத்திருக்கும் இறந்தவர்களுக்கு, துணை நிற்பவர் நிக்கோலாஸ். அந்த ஆத்துமாக்கள் கேட்டுக்கொண்டபடி ஏழு நாள் தொடர்ந்து திருப்பலி வைத்து அவர்களை விடுவித்தார் என்று மக்கள் நம்பினார்கள். அந்த ஏழு நாள் பூசை ஒரு பக்தி முயற்சியாகவே பரவியது. இப்போது ஒப்பந்தத்துக்குத் திரும்புங்கள். செத்துப்போன தம்பியின் ஆசைக்காக அண்ணன் பணம் கொடுக்கிறார், முன்னோரின் ஆன்ம நன்மைக்காகக் கொடுக்கிறார். அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பீடத்தில் மிகவும் வேண்டியவர் இவர்தான். ஒப்பந்தத்தில் இப்படி எழுதி வைத்திருப்பதாக நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தானாகத் தெரிவது இது.

சபைக்கோ காரணம் வேறு. நிக்கோலாஸ் இறந்து இருபது வருஷத்தில், 1325-இல், புனிதர் பட்டத்துக்கான விசாரணை தொடங்கியது. நூற்றுக்கணக்கான சாட்சிகளைக் கேட்டார்கள். பிறகு திருச்சபையில் குழப்பம், பிளவு, தாமதம். நான்காம் யூஜின் திருத்தந்தை பட்டம் கொடுத்தது 1446-இல். அகுஸ்தீனார் சபை என்ற அமைப்பு உருவான பிறகு அதற்குள்ளிருந்து பட்டம் பெற்ற முதல் புனிதர் இவர். பிரான்சிஸ்கன்களுக்கு அசிசியின் பிரான்சிஸ் இறந்த இரண்டே வருஷத்தில் பட்டம் கிடைத்துவிட்டது. டொமினிக்கன்களுக்கும் சீக்கிரமே கிடைத்தது. இவர்கள் மட்டும் ஒன்றரை நூற்றாண்டு காத்திருந்தார்கள். பட்டம் கிடைத்த எட்டாம் வருஷம் சான்செபோல்க்ரோ துறவிகள் தலைமைப் பீடத்துக்குப் படம் எழுதச் சொல்கிறார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளையை அதில் நிறுத்தாமல் விடுவார்களா?

இரண்டு ஓரங்கள்

நிக்கோலாஸுக்கு நேர் எதிரே, படத்தின் இடது ஓரத்தில் நிற்பவர் புனித அகுஸ்தீனார். அந்தப் பலகை இப்போது லிஸ்பனில் இருக்கிறது. நான்கு பெரிய பலகைகளில் மிக ஆடம்பரமானது அது. ஆயருக்குரிய தலையணியும், காப்பா என்ற சடங்கு மேலாடையும் அணிந்திருக்கிறார். காப்பாவின் அகலக் கரையில் மங்கள வார்த்தை, கிறிஸ்து பிறப்பு, கசையடி என்று ஆண்டவரின் வாழ்க்கைக் காட்சிகள் ஒவ்வொன்றும் ஒரு தனி ஓவியமாகத் தையலில் விரிகின்றன. முத்துகளும் கற்களும் தனித்தனியாக ஒளியை வாங்கித் திருப்புகின்றன. கையில் இருக்கும் கோலின் தண்டு படிகம். அதற்குப் பின்னால் இருக்கும் துணி அதன் வழியாகத் தெரிகிறது. எண்ணெய் வர்ணத்தைக் கையாள்வதில் பியெரோ எவ்வளவு தூரம் போய்விட்டார் என்பதற்கு அந்தக் கோல் ஒன்றே போதும். வடக்கே ஃபிளாண்டர்ஸ் ஓவியர்கள் செய்துவந்ததை அவர் நன்றாகவே பார்த்திருக்கிறார்.

ஆனால் அந்தக் காப்பாவுக்கு உள்ளே பாருங்கள். அகுஸ்தீனார் போட்டிருப்பது கறுப்பு அங்கி. நிக்கோலாஸ் போட்டிருக்கும் அதே கறுப்பு அங்கி.

இது சாதாரண விஷயமல்ல. அகுஸ்தீனார் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர், 430-இல் இறந்தவர். அகுஸ்தீனார் சபை என்று நாம் சொல்லும் துறவற சபையோ இத்தாலியில் அங்கங்கே இருந்த தபசிகளின் குழுக்களை ஒன்றுசேர்த்து 1256-இல் திருத்தந்தை நான்காம் அலெக்சாண்டர் உருவாக்கியது. நடுவில் எண்ணூறு வருஷ இடைவெளி. எங்கள் சபையைத் தொடங்கியவர் அகுஸ்தீனாரே என்று இந்தத் துறவிகள் சொல்ல, அவர் எங்களுக்கு உரியவர் என்று அவருடைய ஒழுங்கைப் பின்பற்றிய வேறு குருக்கள் மறுக்க, அந்தச் சண்டை பதினைந்தாம் நூற்றாண்டிலும் ஓயவில்லை. ஆயரின் பட்டுக்கும் முத்துக்கும் அடியில் கறுப்பு அங்கியை வைத்தது அந்த வழக்கில் ஒரு தரப்பின் வாதம். ஒரு ஓரத்தில் தந்தை, மறு ஓரத்தில் கடைசியாகப் பிறந்த பிள்ளை, இருவருக்கும் ஒரே துணி. தங்கள் குடும்ப வரலாற்றைத் துறவிகள் பீடத்தின் அகலத்துக்கு விரித்து வைத்தார்கள்.

இப்போது நிக்கோலாஸைத் தனியாக மாட்டியிருக்கும் சுவருக்குத் திரும்பினால், அவருடைய எளிமை வெறும் எளிமையாகத் தெரியாது. அங்கே அத்தனை முத்து இருந்ததால்தான் இங்கே எதுவும் இல்லாமல் இருக்க முடிந்தது. கறுப்புத் துணியைத் தீட்டுவது கடினமான வேலை. கொஞ்சம் தவறினால் படத்தில் ஓட்டை விழுந்ததுபோல ஆகிவிடும். பியெரோ அங்கியின் மடிப்புகளைத் தூணில் செதுக்கிய வரிகள்போல நேராகக் கீழே இறக்குகிறார். வார் இறுக்கிய இடத்தில் மட்டும் துணி சற்றுப் புடைத்து ஒதுங்குகிறது. அந்தக் கனத்த வயிற்றை அவர் மறைக்கவும் இல்லை, பெரிதுபடுத்தவும் இல்லை.

முகம்

இங்கே ஒரு முரண் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. உபவாசத்துக்குப் பேர்போனவர் நிக்கோலாஸ். மற்ற ஓவியர்கள் அவரை ஒல்லியான, பெரும்பாலும் இளமையான துறவியாக, லீலிப்பூவும் மார்பில் நட்சத்திரமுமாக வரைந்தார்கள். பியெரோவின் நிக்கோலாஸுக்குக் கழுத்து தடித்திருக்கிறது, தாடைக்குக் கீழே சதை தொங்குகிறது. கண்கள் நம்மைப் பார்க்கவில்லை. எதையோ யோசித்துவிட்டுப் பேசத் தொடங்கும் ஒரு அனுபவசாலியின் முகம்.

இது நிஜமான ஒரு மனிதரின் முகம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதினார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. இப்படிப்பட்ட தாடையைக் கற்பனையில் யாரும் செய்வதில்லை. யாருடைய முகம் என்ற கேள்வியைவிட, அதை ஏன் துறவிகள் ஏற்றுக்கொண்டார்கள் என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அகுஸ்தீனாருக்குப் பல நூற்றாண்டுகளாகச் சித்திர மரபு உண்டு. தேவதூதரான மிக்கேல் சம்மனசுக்கும் உண்டு. இந்தப் பீடப்படத்திலேயே அவர் சிவப்புக் காலணியோடு, வெட்டிய பாம்பின் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பட்டம் கிடைத்து எட்டு வருஷமே ஆன நிக்கோலாஸ், மக்களுக்கு இன்னும் பக்கத்தில் இருந்தவர். தினமும் அதே பீடத்துக்கு முன்னால் ஜெபம் சொல்ல வரும் துறவிகள், தங்கள் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் உட்காரக்கூடிய ஒருவரை அந்தப் பலகையில் பார்த்தார்கள். எலும்பும் தோலுமான ஒரு தபசியை வணங்கிவிட்டு நகர்ந்துவிடலாம். இவரிடம் அது முடியாது. தன்னால் முடிந்தது உன்னாலும் முடியும் என்று சொல்வதற்கு இவருக்கு உரிமை இருக்கிறது.

பிரிந்த கதை

இதை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் நடந்தது விரைவாகவும் சத்தமில்லாமலும்தான். 1555-இல் அகுஸ்தீனார் துறவிகள் தங்கள் கோயிலைக் கிளாரம்மாள் சபைக் கன்னியருக்கு விட்டுக்கொடுத்து ஊரின் வேறொரு கோயிலுக்கு மாறினார்கள். பழைய கோயில் இன்றும் சாந்தா கியாரா என்ற பெயரில் நிற்கிறது. படம் துறவிகளோடு போனது. பதினாறாம் நூற்றாண்டு எழுத்தாளர் வஸாரி தன் ஓவியர் வரலாற்றில் அகுஸ்தீனார் கோயில் தலைமைப் பீடத்துப் படம் மிகவும் புகழப்பட்டது என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அதன் பிறகு அது பழைய பாணியாகத் தோன்றத் தொடங்கியது. சட்டகத்தைப் பிரித்தார்கள். பலகைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், அகுஸ்தீனாரைத் தவிர மற்ற மூன்று பெரிய பலகைகளும் மிலான் சந்தை வழியாக வருகின்றன. மிக்கேல் பலகையை லண்டன் நேஷனல் கேலரியின் இயக்குநராக இருந்த சார்லஸ் ஈஸ்ட்லேக் வாங்கினார். அவர் இறந்த பிறகு 1867-இல் அது கேலரிக்கு வந்தது. தாடி வைத்த, வெறுங்காலோடு புத்தகம் படிக்கும் முதியவரின் பலகை வியன்னா வழியாகச் சுற்றி 1936-இல் நியூயார்க்கின் ஃப்ரிக் கலெக்ஷனுக்குப் போனது. அவர் கையில் அடையாளச் சின்னம் எதுவும் இல்லை. நற்செய்தியாளரான யோவான் என்று பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள், காரணம் ஒப்பந்தத்தில் இருக்கிறது: பணம் கொடுத்தவரின் அப்பா பெயர் ஜோவான்னி, தம்பி மனைவி பெயர் ஜோவான்னா, இரண்டும் யோவான் என்ற பெயரின் இத்தாலிய வடிவங்கள். ஆஞ்செலோ என்றால் தேவதூதர், அந்தப் பெயருக்கு மிக்கேல் சம்மனசு. இப்படிப் பார்த்தால் நடுப்பலகையை ஒட்டி நின்ற இருவரும் குடும்பத்துக்குரியவர்கள், ஓரங்களில் நின்ற இருவரும் சபைக்குரியவர்கள்.

நிக்கோலாஸ் மிலானிலேயே தங்கிவிட்டார். ஜான் ஜியாகோமோ போல்தி பெட்ஸோலி தன் வீட்டையும் சேகரிப்பையும் பொதுமக்களுக்கென்று எழுதி வைத்துவிட்டு 1879-இல் இறந்தார். 1881-இல் அந்த வீடு அருங்காட்சியகமானது. 1943 ஆகஸ்டில் குண்டுவீச்சில் கட்டடம் நொறுங்கியபோது ஓவியங்களை முன்கூட்டியே பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோயிருந்ததால் பலகை பிழைத்தது.

ஓரங்கள் சொன்ன சாட்சி

மிலான், லண்டன், நியூயார்க் பலகைகளை 1941-இல் ஆவணங்களோடு சேர்த்து ஒரே பீடப்படமாகப் பொருத்திக் காட்டியவர் கலை வரலாற்றாய்வாளர் மில்லர்ட் மைஸ். உயரம் ஒத்துப்போகிறது, சுவரின் கோடு ஒத்துப்போகிறது, 1454-ஆம் வருஷ ஒப்பந்தமும் 1469-ஆம் வருஷப் பணச் சீட்டும் இருக்கின்றன. ஆனால் அகுஸ்தீனார் கோயிலின் தலைமைப் பீடத்தில் அகுஸ்தீனாரே இல்லாமல் இருக்க முடியுமா? நான்காவது பெரிய பலகை எங்கே?

1947-இல் இன்னொரு கலை வரலாற்றாய்வாளர் கென்னத் கிளார்க் விடையை வெளியிட்டார். லிஸ்பனில் உள்ள தேசியத் தொல்கலை அருங்காட்சியகத்தில் பியெரோவின் பெயர் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஆயர் படம்தான் அது. யாரும் அதை மறைத்து வைக்கவில்லை. எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில்தான் இருந்தது. இத்தாலிய ஓவியம் லிஸ்பனில் இருக்கும் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எந்தப் பலகை எங்கே நின்றது என்பதற்கு மிக நுணுக்கமான சாட்சி பலகைகளின் கீழ்மூலைகளில் இருக்கிறது. மிக்கேல் பலகையின் கீழே வலது மூலையில், அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு படிக்கட்டின் விளிம்பும் அதன்மேல் படரும் துணியின் சிறு ஓரமும் தெரிகின்றன. யோவான் பலகையின் கீழே இடது மூலையிலும் அதேபோலப் படியும் துணியும். இரண்டும் நடுப்பலகையிலிருந்து வழிந்து வந்தவை. நடுவில் இருந்தவர் ஒரு படிமேடையில் ஏற்றி வைத்த அரியணையில் இருந்தார். அவருடைய ஆடை தன் கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்துப் பலகைக்கும் நீண்டது. கட்டங்களைத் தாண்டி இடத்தை ஒன்றாக்க வேண்டும் என்ற பியெரோவின் முடிவு இந்த ஒரு விரற்கடைத் துணியில் இன்னும் மிஞ்சி இருக்கிறது. அகுஸ்தீனார் பலகையிலும் நிக்கோலாஸ் பலகையிலும் அப்படி எதுவும் இல்லை. ஆகவே அவர்கள் வெளி ஓரங்கள்.

சிறிய துண்டுகளும் நான்கு கிடைத்திருக்கின்றன. அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கா, சபைத் துறவியான ஒரு புனிதர், சிலுவைச் சாவு ஆகிய மூன்றும் ஃப்ரிக்கில் இருக்கின்றன. குறட்டில் ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் புனித அப்பொலோனியா வாஷிங்டன் நேஷனல் கேலரியில். பெரியவை நான்கு, சின்னவை நான்கு, மொத்தம் எட்டு.

பக்கத்து ஊரில் இதே புனிதர்

ஒப்பீட்டுக்கு ஒரு நிகழ்வு மிக அருகில் கிடைக்கிறது. சான்செபோல்க்ரோவிலிருந்து கொஞ்ச தூரத்தில் சித்தா தி காஸ்தெல்லோ இருக்கிறது. அங்கேயும் ஒரு அகுஸ்தீனார் கோயில். அங்கே அந்திரேயா பரோன்சி என்பவர் 1500 டிசம்பரில் தொலெந்தினோ நிக்கோலாஸுக்கு ஒரு பீடப்படம் எழுதச் சொன்னார். எழுதியவர் அப்போது பதினேழு வயது நிரம்பிய ரஃபாயேல். மூத்த ஓவியர் ஒருவர் கூட இருந்தார். 1501 செப்டம்பரில் முடித்துவிட்டார்கள். ரஃபாயேலின் பெயரோடு ஆவணம் கிடைக்கும் முதல் வேலை அது. பியெரோவின் பதினைந்து வருஷத்தோடு வைத்துப் பார்த்தால் வேகம் வியப்பாக இருக்கிறது.

1789-இல் நிலநடுக்கம் வந்து படம் சிதைந்தது. எஞ்சியதைத் துண்டாக அறுத்தார்கள். பிதாவும் மரியன்னையும் இப்போது நேப்பிள்ஸில், ஒரு தேவதூதர் பிரெஷ்ஷாவில், இன்னொருவர் பாரிஸ் லூவரில். நடுவில் நின்ற நிக்கோலாஸ் போய்விட்டார். முழுப் படம் எப்படி இருந்தது என்பதற்கு லீல் நகரில் உள்ள ஒரு வரைபடமும் பிற்காலப் பிரதியும்தான் உதவுகின்றன. சான்செபோல்க்ரோவில் நடுப்பகுதி போய் நிக்கோலாஸ் மிஞ்சினார்; இங்கே சுற்றி இருந்தவர்கள் மிஞ்சி அவர் போனார். அறுத்து விற்றவர்கள் ஒவ்வொரு தலையையும் தனிப் படமாக்கினார்கள் என்பதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. ஆனால் அப்படி விற்றதால்தான் யாரோ ஒருவர் பணம் கொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்தினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2024 மிலான்

2013-இல் ஃப்ரிக் கலெக்ஷன் ஆறு துண்டுகளை ஒரே அறையில் சேர்த்தது. லிஸ்பன் அகுஸ்தீனார் அதற்காகக் கடல் தாண்டி வந்தார். மிக்கேலும் நிக்கோலாஸும் வரவில்லை. அப்புறம் 2024 மார்ச் முதல் ஜூன் வரை போல்தி பெட்ஸோலி அருங்காட்சியகத்தில் எட்டும் ஒன்றாக நின்றன. ஃப்ரிக் கட்டடத்தில் அப்போது சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தது இதற்கு வசதியாக அமைந்தது. பலகைகள் பிரிந்த நாளிலிருந்து எட்டும் ஒரே கூரைக்குக் கீழே வந்தது அதுதான் முதல் தடவை.

கண்காட்சியை அமைத்த மாக்டெல்ட் இஸ்ராயெல்ஸும் நத்தானியேல் சில்வரும் ஆய்வுக்கூடச் சோதனைகளையும் பலகை ஓரத் தடயங்களையும் சேர்த்து, நடுப்பலகை மரியன்னைக்கு முடிசூட்டும் காட்சியாக இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். குழந்தை இயேசுவை மடியில் வைத்திருக்கும் அன்னை என்றுதான் அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். முடிசூட்டுவிழா என்றால் படத்தின் பொருளே மாறுகிறது. நான்கு புனிதர்களும் நிற்பது விண்ணகத்தின் முற்றத்தில். பின்னால் இருக்கும் பளிங்குச் சுவர் மண்ணில் இருக்கும் தோட்டச் சுவர் அல்ல, விண்ணக அரண்மனையின் சுவர். நிக்கோலாஸின் தலைக்கு மேலே நட்சத்திரம் வந்து நின்ற இடமும் அதுவே. இறந்த தம்பிக்காகப் பணம் கொடுத்த அண்ணனுக்கு அந்த முற்றம் எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு இந்த முடிவு நம்பத் தகுந்ததாகவே படுகிறது. ஒப்பந்தத்தின் நோக்கத்தோடு குழந்தை ஏந்திய அன்னையைவிட இது நன்றாகப் பொருந்துகிறது.

கண்காட்சி முடிந்து எட்டும் தத்தம் ஊருக்குத் திரும்பிவிட்டன. நடுப்பலகையைத் தேடுபவருக்கு இப்போது கையில் நல்ல அடையாளங்கள் இருக்கின்றன. அதன் இரு பக்கமும் படிமேடை விளிம்புக்கு வெளியே ஓட வேண்டும், மிக்கேல், யோவான் பலகைகளின் மூலையில் உள்ள துணியும் படியும் அதோடு சேர வேண்டும், பின்னணியில் தங்கம் இருக்கக் கூடாது. ரஃபாயேல் படத்துக்கு ஆனதுபோல அதையும் துண்டாக அறுத்திருந்தால், ஒரு தலையோ ஒரு கையோ மட்டும் வேறு யார் பெயரிலோ எங்காவது இருக்கலாம். அகுஸ்தீனார் லிஸ்பனில் இருந்ததுபோல, பெரிய ஊர்களின் புகழ்பெற்ற அறைகளைவிட, இத்தாலிய ஓவியம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்காத சேகரிப்புகளில்தான் முதலில் பார்க்க வேண்டும்.